புதன்கிழமைச் சம்பந்திகள்

ஜூன் 5, புதன்

மையத்தில் கொடுத்த படிவத்தில் 'பராமரிப்பவரின் மனநிலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'நன்று' என்று நிரப்பினேன். கட்டம் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. மீதியை இந்த நோட்டில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இன்று முதல் வகுப்பு. வகுப்பு என்று சொல்லக் கூடாதாம். 'கூடல்' என்று சொல்ல வேண்டுமாம். மறதி நோய் வந்த ஏழெட்டுப் பெரியவர்களை வட்டமாக உட்காரவைத்து, பழைய பொருளையோ பழைய படத்தையோ காட்டிப் பேசவைக்கிறார்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தவர்களுக்கும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்டது நினைவிருக்கும். அதைப் பேசினால் மனம் அமைதியாகும் என்கிறார்கள். புதன்தோறும், பன்னிரண்டு வாரம். தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. நடத்துகிற ஷெரின் மனநல ஆலோசகர், முப்பது வயது இருக்காது. கூட வந்தவர்களுக்கு மூன்று விதி சொன்னாள். பெரியவர்கள் சொல்வதைத் திருத்தக் கூடாது. 'ஞாபகம் இருக்கா?' என்று கேட்கக் கூடாது. அவர்களுக்காக நாம் பதில் சொல்லக் கூடாது. இருபது வருஷம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பேப்பர் திருத்தியவளுக்கு முதல் விதியே கஷ்டம்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இதற்கு முன் சேர்த்த பகல்நேர இல்லத்திலிருந்து பத்தே நாளில் அனுப்பிவிட்டார்கள். நான்கு கட்டில்கள் ஆக்கிரமிப்பில் இருப்பதாகச் சொல்லி, படுத்திருந்தவர்களோடு சேர்த்து வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். இந்த இடமும் போனால் திருச்சியில் வேறு இடம் எனக்குத் தெரியாது.

பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஷெரின் ஒரு திரி ஸ்டவ்வை நடுவில் வைத்தாள். ஆரோக்கியசாமி என்று ஒரு பெரியவர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், ஸ்டவ் புறப்படத் தயாரா என்று பச்சைக் கைக்குட்டையை எடுத்தார். அப்பா எதிரே இருந்த ஓர் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டார்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 6, வியாழன்

எழுத இருக்கிறது.

அந்த அம்மா பெயர் சௌந்தரவல்லி. என் மாமியார். அதாவது, மாமியாராக இருந்தவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் மகன் தண்டபாணியோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று வருஷத்தில் முடிந்தது. அமைதியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சீர்ப் பாத்திரங்களைத் திரும்ப எடுக்க அப்பா லாரியோடு போனார். சௌந்தரவல்லி அம்மா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பா ஆபீஸிலிருந்து அளவுச் சங்கிலியை வரவழைத்து, அவர்கள் காம்பவுண்டுச் சுவர் தெருவுக்குள் ஒன்றேகால் அடி நீட்டிக்கொண்டிருப்பதை உறையூரே பார்க்க அளந்து காட்டினார். ஒரே வாரத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்து சுவரை இடித்தார்கள். அதற்குப் பின் இரண்டு குடும்பமும் ஒரே விசேஷத்துக்குப் போனால், ஒருவர் முதல் பந்தி, ஒருவர் கடைசிப் பந்தி.

நேற்று அவர்கள் பேசியதில் காதில் விழுந்தது:

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"உறையூர்தான்."

"அட, நாங்களும் உறையூர்தான்! உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"எனக்கும் அப்படித்தான் இருக்குண்ணா. பழகின முகம். நல்ல முகம்."

நல்ல முகமாம். அந்த முகத்துக்கு அப்பா இருபத்திரண்டு வருஷமாக வைத்திருந்த பெயர்களை இந்த நோட்டில் எழுத முடியாது.

என்னையும் அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தபோது, "நல்லா இருடிம்மா" என்றார். கூட இருந்த மூன்று வருஷத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை.

ஜூன் 12, புதன்

கூட வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வளர்மதி. புதுக்கோட்டைப் பெண், நாற்பது வயது இருக்கும். சௌந்தரவல்லி அம்மாவின் மருமகள். நடப்பு மருமகள் என்று சொல்ல வேண்டுமோ.

"உங்க அப்பாவா மேடம்? 'அந்த அண்ணன் நாளைக்கும் வருவாரா'ன்னு வாரம் பூரா எங்கத்தை ஒரே நச்சரிப்பு. உங்க பேரு?"

"அரசி" என்றேன். பொய் இல்லை. மங்கையர்க்கரசியின் பின்பாதி.

கூடலில் இன்று மிட்டாய் டப்பா. கமர்கட்டைக் கையில் வாங்கியதும் எல்லாருக்கும் எட்டு வயது ஆகிவிட்டது. சௌந்தரவல்லி அம்மா வளர்மதியைக் காட்டி அப்பாவிடம் சொன்னார்: "இது நம்ம வீட்டுல கூடமாட வேலை செய்யற பொண்ணு. நல்ல பொண்ணுதான். சர்க்கரை டப்பாவை மட்டும் எங்கயோ ஒளிச்சு வச்சிடுது."

"முந்நூத்தி இருபது இருக்கு மேடம், சுகர்" என்றாள் வளர்மதி என் காதோடு. சிரித்தாள். முழுசாகச் சிரிக்கவில்லை.

எனக்கு எடுப்பாக இருக்கும் அரக்கு நிறப் புடவையை நான் கட்டிக்கொண்டு போனது தற்செயல். இஸ்திரி போட்டது அது ஒன்றுதான் இருந்தது.

ஜூன் 19, புதன்

இன்று தலைப்பு 'கல்யாணம்'. ஷெரின் ஒரு பழைய ஆல்பமும் குங்குமச் சிமிழும் கொண்டுவந்தாள். அவள் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தாள்.

அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "எனக்கும் ஒரே பொண்ணு இருக்கு. எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். மாப்பிள்ளை பாத்துட்டிருக்கேன்" என்றார்.

சௌந்தரவல்லி அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் பையனுக்கும் பாத்துட்டுத்தாண்ணா இருக்கேன். உங்களை அண்ணான்னு கூப்பிட்டாச்சு. அண்ணன் பொண்ணைக் கேட்டா முறைதானே?"

"முறைதான். அதோ, பெஞ்சுல கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே, அதான் பொண்ணு."

மேலும் கீழும் பார்த்தார். "லட்சணமாத்தான் இருக்கு. இந்த வயசுல நரைச்சிருக்கே?"

"எந்நேரமும் படிப்பு படிப்புன்னு இருக்கும். அதான்."

"சமைக்குமா?"

அப்பா என்னைப் பார்த்தார். பக்கத்தில் வளர்மதி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஷெரின் தன் அட்டையில் 'சமூக ஈடுபாடு: மிகச் சிறப்பு' என்று எழுதினாள்.

ஜூன் 20, வியாழன்

'சமைக்குமா?' என்று முதல் தடவையும் கேட்டாராம். என் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று எனக்கு எம்.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு. நான் ப்யூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் தாம்பூலத் தட்டு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வந்தபோது கேசரி மிச்சம் இருந்தது. 'நல்ல இடம்மா' என்றார் அப்பா. நான் கேசரியைச் சாப்பிட்டேன். ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அது பையிலேயே இருந்தது.

இதெல்லாம் பழைய கதை. அப்பா மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுக்கிறேன்.

ஜூன் 26, புதன்

போன வாரம் பேசியது இருவருக்கும் மறந்துவிட்டது. 'உங்களுக்கு எந்த ஊருங்க?' என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை நான் உயரம் அதிகம் என்று சௌந்தரவல்லி அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "உங்க பையனை அளந்து பாத்தாச்சா?" என்று அப்பா எழுந்தார். ஆரோக்கியசாமி சார் சிவப்புக் கைக்குட்டையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு நிமிஷத்தில் சண்டையும் மறந்துபோயிற்று.

ஜூலை 3, புதன்

மூன்றாவது தடவை பெண் பார்த்தார்கள். இன்று ஜாதகம் பொருந்தவில்லை. ஜாதகம் என்று இருவரும் வெகுநேரம் விரல் விட்டுப் பார்த்தது கீழே பல் ஆஸ்பத்திரி விநியோகித்த விளம்பரத் தாள்.

ஜூலை 10, புதன்

மாட்டிக்கொண்டேன். சௌந்தரவல்லி அம்மா "பொண்ணு பேரு என்னண்ணா?" என்று கேட்க, அப்பா என் முழுப் பெயரையும், தன் பெயரையும், 'சர்வேயர் சிதம்பரநாதன்னு சொன்னா உறையூர்ல எல்லாருக்கும் தெரியும்' என்பதையும் உரக்கச் சொன்னார். பக்கத்தில் வளர்மதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில், "மேடம், டீ குடிக்கலாமா?" என்றாள்.

கீழே கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு நின்றோம்.

"நீங்க அவரோட முதல்..."

"ஆமா."

"சுவரு சர்வேயர் பொண்ணு."

"ஆமா."

"அந்தச் சுவரை இன்னும் கட்டலை மேடம். தகரம் வச்சு மறைச்சிருக்கு. தெரு நாயெல்லாம் அது வழியாத்தான் வருது."

"சாரி" என்றேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து, நாய்களுக்காக.

அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "நாலு வருஷமா நான்தான் குளிப்பாட்டி விடறேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. பரவால்ல, நோவு, என்ன பண்றது. ஆனா வாரா வாரம் என் கண்ணு முன்னாடியே என் புருஷனுக்குப் பொண்ணு பாக்கறாங்க மேடம்! உங்களை வேணாம்னு சொன்னா எனக்குக் குளுகுளுன்னு இருக்கு. அடுத்த நிமிஷம் உங்கப்பா முகம் வாடிப்போறதைப் பாத்தா பாவமா இருக்கு. நான் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியலை."

எனக்கும் தெரியவில்லை என்றேன். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; இந்த முறை முழுசாக. டீ என் புடவையில் சிந்தியது.

"இனிமே மேடம்னு கூப்பிட மாட்டேன். மூத்தவங்களை அக்கான்னுதானே கூப்பிடணும்?"

தண்டபாணி எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: சுகர், குறட்டை, வீட்டில் வாயைத் திறப்பது கிடையாது.

"உங்ககிட்டயாவது பேசுவாராக்கா?"

"இல்லை."

ஏனோ இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஜூலை 24, புதன்

போன புதன் விடுமுறை. இந்த வாரம் நானே அப்பாவைக் கூட்டிப் போகவில்லை. யோசித்துத்தான் முடிவு செய்தேன். இன்னொரு தரம் கல்யாணம் செய்துகொள்ள எனக்குத் தெம்பில்லை, அது வெறும் பேச்சாக இருந்தாலும்.

எட்டு மணிக்கே அப்பா சட்டை மாட்டி, கக்கத்தில் ஃபைலை வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். "இன்னிக்குப் புதன் இல்லப்பா" என்று பொய் சொன்னேன். கூடத்தைக் காலால் அளக்க ஆரம்பித்தார். தெற்கே பதினெட்டு அடி. வடக்கே பதினெட்டு அடி. இட்லியைத் தொடவில்லை. மத்தியானச் சோறும் அப்படியே இருந்தது. நான் டியூஷன் பிள்ளைகளுக்குச் சமன்பாடு எழுதிப் போட்டுவிட்டு வருவதற்குள் சோபா, டீப்பாய், டி.வி. ஸ்டாண்டு எல்லாம் பால்கனிக்குப் போயிருந்தன. வெறும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. வாக்கு குடுத்திருக்கேன்."

"என்ன வாக்குப்பா?"

"அது தெரியலை." கண் கலங்கியிருந்தது. "ஆனா குடுத்திருக்கேன்."

ஐந்து மணிக்கு வளர்மதி போன் செய்தாள். "அக்கா, ஏன் வரலை? எங்கத்தை சாப்பிடாம வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

ஜூலை 31, புதன்

போனோம்.

"என்னண்ணா, போன வாரம் காணோம்?"

"சைட்டுக்குப் போயிருந்தேன்மா."

அப்பாவுக்கு என் பெயர் மறந்த நாள் உண்டு. சௌந்தரவல்லி அம்மாவுக்கு வளர்மதியின் பெயரே போய்விட்டது. ஆனால் ஒருவரையொருவர் காணாத ஒரு புதன்கிழமை இருவருக்கும் நினைவிருக்கிறது. ஷெரின் இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

இன்று உயரம் சரியாக இருந்தது, நிறம் சரியாக இருந்தது, நரை 'பித்தம், சீயக்காய் போட்டாச் சரியாயிடும்' என்று ஆயிற்று. சம்பந்தம் முடிவாகிவிட்டது. நிச்சயம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கூடல் முடிந்ததும் ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் இமைக்காமல் கேட்டாள்.

"மேடம், இதை வச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்."

"எழுதாதே."

"சரி, எழுதலை." பிறகு மெதுவாக, "கடைசிக் கூடல்ல ஒரு நிச்சயதார்த்தம் மாதிரி நடத்தலாம்னு இருந்தேன். எல்லாருக்கும் பங்கு இருக்கும். உங்களுக்கு வேணாம்னா விட்டுடறேன்." அப்பாவின் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. கூடலில் ஆத்திரப்பட்டது, ஒரே ஒரு தடவை. "அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு யார் யாருன்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணுவோம். இடம் ஆறுதான். இப்படியே அமைதியா இருந்தார்னா அங்கிளுக்கு நிச்சயம் உண்டு."

நான் ஒரு மணி நேரம் மணப்பெண்ணாக உட்கார்ந்தால், அப்பா மூன்று மாதம் சாப்பிடுவார், தூங்குவார். கணக்கு எளிதாகத்தான் இருக்கிறது. முதல் முறையும் யாரோ கணக்குப் போட்டு எளிதாகத்தான் சொன்னார்கள்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஷெரின் உற்சாகத்தில் வரும் பதினாலாம் தேதியே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்து, பலகையில் தேதியையும், தமிழ் மாதத்தையும் அழகாக எழுதினாள். வட்டத்தில் ஒரே அதிர்ச்சி.

"ஆடியில நிச்சயமா!" என்றார் சௌந்தரவல்லி அம்மா.

"யாரும்மா இந்தப் பொண்ணு? விவரம் தெரியாததா இருக்கே" என்றார் அப்பா.

இது எந்த வருஷம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பிரதமர் யார் என்று கேட்டால் நாலு பதில் வரும். ஆனால் ஆடியில் தட்டு மாற்றக் கூடாது என்பதில் மறதி நுழையவே இல்லை. சர்ச்சுக்குப் போகிற ஆரோக்கியசாமி சார்கூட, "லைன் கிளியர் இல்லை" என்றுவிட்டார். ஆவணி ஐந்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதாவது ஆகஸ்ட் 21, கடைசிக் கூடல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிச்சயத்துக்கு என்ன புடவை கட்டுகிறேன் என்று வளர்மதி போனில் கேட்டாள். "நீ என்ன கட்டறே?" என்றேன். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் போய் நின்றுவிடக் கூடாது அல்லவா.

ஆகஸ்ட் 21, புதன்

ஷெரின் பக்கத்து வீட்டில் விசாரித்துப் பட்டியல் போட்டு, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ எல்லாம் இரண்டு தட்டில் அடுக்கியிருந்தாள். வளர்மதி பாதிச் சர்க்கரையில் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். கூடவே மாப்பிள்ளையையும் இழுத்து வந்திருந்தாள்.

"சட்டையைப் போட்டப்புறம்தான்க்கா எதுக்குன்னு சொன்னேன். மூஞ்சியைப் பாத்திருக்கணும்."

தண்டபாணி மாடிப்படி வரை வந்தார். கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முடி போயிருந்தது, தொப்பை வந்திருந்தது, முழி மட்டும் அதே முழி. "கார்ல தண்ணி பாட்டிலை வச்சிட்டேன்" என்று இறங்கிப் போனவர், திரும்பி வரவில்லை.

"என் பையனுக்குக் கூச்சம் ஜாஸ்திண்ணா" என்றார் சௌந்தரவல்லி அம்மா.

"இருக்கட்டும்மா. அடக்கமான பையன்."

ஷெரின் தட்டச்சு செய்து வைத்திருந்த நிச்சய ஓலையை அப்பா எழுந்து நின்று வாசித்தார். முதல் இரண்டு வரி சரியாக வந்தது. அப்புறம் கை பழகிய வழிக்குப் போய்விட்டது. "...உறையூர் கிராமம், மேற்படி மங்கையர்க்கரசிக்கு வடக்கே தண்டபாணி, தெற்கே வாய்க்கால், கிழக்கே பொதுப்பாதை, மேற்கே காம்பவுண்டுச் சுவர், இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய..." ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். எனக்குக்கூட அது சரியாகத்தான் பட்டது.

அப்பா தட்டைக் கையில் எடுத்தார். சௌந்தரவல்லி அம்மாவும் எடுத்தார்.

"இருங்க சார்" என்றார் ஆரோக்கியசாமி. பச்சைக் கைக்குட்டையை நீட்டவில்லை, முட்டியில் வைத்திருந்தார். "பொண்ணு சிக்னல் குடுத்தாச்சா?"

"என்ன சிக்னல்?"

"பொண்ணைக் கேட்டீங்களா? சிக்னல் விழாம வண்டியை எடுத்து மெமோ வாங்க என்னால ஆகாது. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்."

அப்பா சௌந்தரவல்லி அம்மாவைப் பார்த்தார். "நாம கேக்கலையா?"

"நான் கேக்கலைண்ணா. நீங்க கேட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"மங்கை, இங்க வா" என்றார் அப்பா. போனேன். தட்டோடு என் பக்கம் திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார். இந்த ஒரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"உனக்கு இதுல இஷ்டமாம்மா?"

ஷெரின் தூரத்திலிருந்து 'சரி சொல்லுங்கள்' என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் மடியில் அட்டை இருந்தது, ஆறு இடம். கேசரி வாசனை வந்தது. சரிப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லப்பா. எனக்கு இஷ்டமில்லை. நான் மேல படிக்கணும்."

நாற்பத்தேழு வயதில், கண்ணாடியும் நரையுமாக நின்றுகொண்டு சொன்னேன். கீழே பல் ஆஸ்பத்திரியில் யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்பாவின் கைகளையே பார்த்தேன். நான்கு கட்டிலையும் சோபாவையும் நகர்த்திய கைகள். ஷெரின் எழுந்து பாதி வழி வந்துவிட்டாள்.

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, மன்னிக்கணும். பொண்ணுக்கு இஷ்டமில்லையாம். இதுக்கு மேல நான் பேசறதுக்கில்லை."

"அட, அதுக்கென்னண்ணா" என்றார் சௌந்தரவல்லி அம்மா. "இஷ்டமில்லாத பொண்ணைக் கூட்டிட்டுப் போயி, அது ஒரு மூலையில நானொரு மூலையில உக்காந்துக்கிட்டு... யாருக்கு லாபம்?" என் பக்கம் திரும்பினார். "என்னம்மா படிக்கப் போறே?"

"கெமிஸ்ட்ரில ஆராய்ச்சி."

"ஐயய்யோ. என் பையனுக்கு ஒத்தே வராது. நல்லவேளை இப்பவே சொன்னே."

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார். "முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இவ்வளவு தூரம் வந்துட்டமே."

"நீங்க கேக்கலையேப்பா."

"கேக்கலையா?" அளவு பிசகிய வரைபடத்தைப் பார்ப்பதுபோலத் தட்டைப் பார்த்தார். "தப்புதான்."

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்தபோது சௌந்தரவல்லி அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கவலையில் இருந்தார்.

"பூவெல்லாம் வாங்கியாச்சு. பையன் வேற கீழ நிக்கறான். இதை இப்ப என்ன பண்றது?" கேசரி பரிமாறிக்கொண்டிருந்த வளர்மதி மேல் அவர் பார்வை நின்றது. "ஏண்டியம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

வளர்மதி கரண்டியோடு நின்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். விதிப்படி திருத்தக் கூடாது.

"நீங்களே சொல்லுங்கத்தை."

"ஆன மாதிரி தெரியலையே. சிரிச்ச முகம். என்னைக் கண்ணு மாதிரி பாத்துக்கறே. சர்க்கரை ஒண்ணுதான் தர மாட்டேங்கறே. என் பையனைக் கட்டிக்கிறியா?"

அவள் முகம் என்னவோ ஆயிற்று. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைகிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசணும் அத்தை" என்று கீழே இறங்கிப் போனாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் நின்று அவள்தான் பேசினாள். கையை ஆட்டினாள், மாடியைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள். அவர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் கழித்து மேலே வந்தாள்.

"சரின்னுட்டேன் அத்தை. ஒரே ஒரு கண்டிஷன். இனிமே புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அவருதான் உங்களைக் கூட்டிட்டு வரணும்."

"ஒத்துக்கிட்டானா?"

"தலையாட்டினாரு."

"அவன் தலையாட்டினா ஒம்பது வார்த்தை பேசின மாதிரி." தட்டைத் தூக்கினார். "பொண்ணு வீட்டுக்காரங்க யாரு? யாருமில்லையா?"

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தன் தட்டோடு எழுந்தார். "ஏன், நான் இருக்கேனே."

தட்டு மாற்றினார்கள். பச்சைக் கைக்குட்டை ஆடியது. வளர்மதி இரண்டு பேர் காலிலும் விழுந்தாள். எழுந்து என் காலில் விழ வந்தவளைத் தடுத்தேன். வரம்பு என்று ஒன்று இருக்கிறது.

ஷெரின் அட்டையில் ஆறு பெயர் எழுதினாள். இரண்டாவது பெயர் அப்பாவுடையது. முதல் பெயர் சம்பந்தி அம்மாவுடையது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் காபி கொடுத்தபோது அப்பா சொன்னார்: "வயசு ஏறிக்கிட்டே போகுது. உனக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணுமேம்மா."

"பாருங்கப்பா. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பாருங்க."

டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார். அவ்வளவு கோபம்.

"பின்ன, கேக்காமப் பண்றதுக்கு நான் என்ன காட்டுமிராண்டியா?"